அறக்கொட்டியானுக்கு முட்டை குடுத்த பாடம்

படுவான்கரைக்காரன்:
2020, கொரோனாவுக்கு எல்லாம் மூடிக் கிடந்த நேரம். அதுவரைக்கும் மூடில் எண்ட ஒன்லைன் பாடத் தளத்தில பிடிஎஃப் ஏத்திவிட்டாப் பாடம் முடிஞ்சுது எண்டு இருந்த ஆள் நான். அப்பதான் எச்5பி எண்டு, பாடத்துக்குள்ள கேள்வி வைக்கிற ஒரு கருவி கண்ணில பட்டுது. வீடியோவை இடையில நிப்பாட்டிக் கேள்வி கேக்கலாம், படத்தில சரியான இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லலாம். மூடில் 3.9இல இருந்து அது தனி அக்டிவிட்டியாவே உள்ளுக்கு இருக்கு.

நான் எடுத்தது நெல்லுக்கு வாற கபிலநிறத் தத்தி. கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் வட்டைக்குள்ள இறங்கி போனிலதான் வீடியோ எடுத்தன். அந்தப் பூச்சி இலையில நிண்டு தரிசனம் தராது. தூரை விலக்கிப் பாத்தா, தண்ணி மட்டத்துக்குக் கிட்டத் தண்டில அப்பிக்கொண்டிருக்கும். "முதல்ல எங்க பாப்பீங்க?" எண்டு வீடியோ நிக்கும். அடித்தண்டைத் தொட்டாத்தான் மிச்சம் ஓடும். செஞ்சு முடிச்சு நானே நாலு தரம் போட்டுப் பாத்தன், அவ்வளவு சந்தோசம்.

ஏத்தப் போனா ஃபைல் பெரிசு, சேர்வர் எடுக்கேல்ல. சரி எண்டு வீடியோவை யூடியூப்பில போட்டு லிங்கைக் குடுத்தன். பல்கலைக்கழக எல்எம்எஸ்ஸுக்கு, அதான் அந்த மூடில் தளத்துக்கு, அப்ப டேட்டா இலவசம். யூடியூப்புக்கு இல்லையே! பாடம் இலவசம், அதுக்குள்ள ஓடுற வீடியோவுக்குப் பிள்ளையள் ரீலோட் போடோணும். இது என்ட மண்டையில ஏறவே இல்ல.

மறுகா ஒரு பிள்ளை கோல் எடுத்தா. சம்மாந்துறைப் பக்கம், வாப்பா வேளாண்மைக்காரர்.

"சேர், எனக்கு அந்தக் கடைசிக் கேள்விக்கு முட்டை போட்டிருக்கு."

"என்ன எழுதின நீங்க?"

"அறக்கொட்டியான் எண்டு. வாப்பா அப்பிடித்தான் சேர் சொல்லுவாங்க. பிழையா?"

எனக்குப் பேச்சு வரேல்ல. இடைவெளி நிரப்புற கேள்வியில 'கபிலநிறத் தத்தி' எண்டு மட்டும் நான் விடை குடுத்திருந்தன். அந்தப் பூச்சியைச் சின்ன வயசில இருந்து பாத்த பிள்ளைக்கு, அதை உனக்குத் தெரியாது எண்டு மெசின் சொல்லியிருக்கு. மெசின் எங்க சொன்னது, நான்தான் சொன்னன். திருத்துறது ஒரு நிமிச வேலை. விடை ரெண்டு நட்சத்திரக் குறிக்கு நடுவில இருக்கும், அதுக்குள்ள ஒரு சாய்கோடு போட்டு மற்றப் பேரையும் எழுதினாச் சரி. ஆனா ஏற்கெனவே விழுந்த புள்ளி தானா மாறாது, திரும்பச் செய்யோணும். அந்தப் பிள்ளை ரெண்டாந்தரமும் ரீலோட் போட்டுத்தான் செஞ்சா.

ஒலுவில் காத்து:
உங்களுக்கு முட்டையாவது விழுந்திருக்கு சேர், எனக்கு அதுவும் இல்ல. எச்5பியைத் தனி அக்டிவிட்டியாப் போடாம ஒரு பேஜுக்குள்ள செருகி விட்டுட்டன். பிள்ளையள் ராவு ராவாச் செஞ்சிருக்காங்க. புள்ளிப் பதிவேட்டைத் திறந்தா வெறும் கோடு. அப்பிடிச் செருகினாப் புள்ளி அங்க போகாது எண்டு பிறகுதான் தெரிஞ்சுது. இதை ஆர் எங்களுக்குச் சொல்லித் தந்தாங்க?

இன்னொண்டு, பழைய பாமினி எழுத்துருவில அடிச்ச நோட்ஸில இருந்து கேள்வியை கொப்பி பண்ணி ஒட்டிப்போடாதீங்க. இங்கிலீஸ் எழுத்துக் குப்பைதான் வரும். நான் இருவது கேள்விய யுனிகோடில திரும்ப டைப் பண்ணின ஆள்.

அக்கரைப்பற்றான்:
நான் எச்5பி பக்கம் போகல்ல, பாடத்தை ஒரு பொதியாக் கட்டி ஏத்துற ஸ்கோர்ம்தான். வேற கொம்பியூட்டரில செஞ்ச பாடத்தை சிப் ஆக்கி ஏத்தினா, பக்கேஜ் சரியில்ல எண்டு திருப்பித் திருப்பித் துப்புது. ரெண்டு ராவு போச்சு. கடைசியில பாத்தா, நான் ஃபோல்டரை அப்பிடியே சிப் பண்ணியிருக்கன். மேனிஃபெஸ்ட் எண்டு ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல், சிப்பைத் திறந்ததும் முதல் தட்டிலயே இருக்கோணுமாம். என்னட ஒரு தட்டு உள்ளுக்குப் போய் ஒளிஞ்சிருந்துது. ஃபோல்டருக்குள்ள போய் எல்லாத்தையும் தெரிவு செஞ்சு சிப் பண்ணினன், ஒரே தரத்தில எடுத்திச்சு.

படுவான்கரை சேர், அந்தத் தத்தி வீடியோ லிங்கை இஞ்ச போடுங்க. எங்கட வாப்பாக்கும் காட்டோணும்.