ஜாக்சன் ஹாலிடே: நட்சத்திரமா, நல்ல செகண்ட் பேஸ்மேனா?

கிழக்குவாசல்

2025 பருவம் நம் பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணிக்கு 75 வெற்றி, 87 தோல்வி, அமெரிக்கன் லீக் கிழக்குப் பிரிவில் கடைசி இடம் என்று முடிந்தது. மே மாதமே மேனேஜர் பிராண்டன் ஹைடை அனுப்பிவிட்டார்கள். அணியைப் பற்றிப் பேச எவ்வளவோ இருக்கிறது. நான் கேட்க வந்தது ஜாக்சன் ஹாலிடேயைப் பற்றி மட்டும். இனி அவரிடம் எந்த அளவுக்கு எதிர்பார்க்கலாம்?

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: முன்னாள் ஆட்டக்காரர் மேட் ஹாலிடேயின் மகன். ஓக்லஹோமாவில் ஸ்டில்வாட்டர் பள்ளியிலிருந்து 2022 டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஓரியோல்ஸால் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். ஒப்பந்தத் தொகை 81.9 லட்சம் டாலர். 2023-ல் டெல்மார்வா, அபெர்டீன், பவி, நார்ஃபோக் என்று ஒரே பருவத்தில் மைனர் லீக்கின் (மேஜர் லீகுக்குக் கீழே உள்ள பயிற்சி லீக்) நான்கு படிகளையும் ஏறினார். பேட்டிங் சராசரி 0.323, ஆன்பேஸ் (பேஸில் ஏறும் விகிதம்) 0.442, 101 வாக் (நான்கு மோசமான பந்தை விட்டு முதல் பேஸுக்கு இலவசமாகப் போவது). அப்போது அவர் 19 வயது ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்.

2024 ஏப்ரலில் மேஜர் லீகுக்கு வந்தபோது 34 முறைக்கு 2 ஹிட், 18 ஸ்ட்ரைக் அவுட். பத்து ஆட்டத்தோடு திருப்பி அனுப்பினார்கள். சரி, அது சின்னக் கணக்கு, விட்டுவிடுவோம். 2025 அப்படியல்ல. 149 ஆட்டம் ஆடியிருக்கிறார். சராசரி 0.242, ஆன்பேஸ் 0.314, ஸ்லக்கிங் (அடியின் பலத்தைக் காட்டும் எண்) 0.375, 17 ஹோம் ரன், 17 ஸ்டீல் (ஓடித் திருடிய பேஸ்). அந்த ஆண்டு மொத்த லீக்கின் கணக்கு 0.245, 0.315, 0.404. ஹிட்டிலும் ஆன்பேஸிலும் சராசரி ஆள், பலத்தில் சராசரிக்குக் கீழே. அதோடு இப்போது ஷார்ட்ஸ்டாப்பும் இல்லை, அதைவிட எளிது என்று கருதப்படும் செகண்ட் பேஸ். இவரை இன்னமும் சூப்பர்ஸ்டார் என்ற கணக்கில் வைத்து அணியைக் கட்டுவது தவறு என்பது என் கருத்து.

நிதானம்

நீங்கள் கொடுத்த எண்கள் எல்லாம் சரி. ஆனால் அவற்றில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள்: வயது.

2025 பருவம் முழுக்க ஹாலிடேக்கு 21 வயது. அவர் ஒப்பந்தம் போடாமல் ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தால் மூன்று ஆண்டு கல்லூரி ஆடிவிட்டு 2025 ஜூலையில்தான் டிராஃப்டுக்கே வந்திருப்பார். அவர் வகுப்புத் தோழர்கள் முதல் மைனர் லீக் பஸ்ஸில் ஏறும் நேரத்தில் இவர் மேஜர் லீகில் 149 ஆட்டம் ஆடி, சராசரி அளவுக்கு பேஸில் ஏறியிருக்கிறார். 21 வயதில் மேஜர் லீக் சராசரியைத் தொடுவது சின்ன விஷயம் இல்லை. மைனர் லீக்கின் மேல்படிகளில் ஒன்றான டபுள் ஏ-யில் 24 வயதுக்காரர் அடிக்கும் 0.300-ஐ விட எனக்கு இது பெரிது.

இரண்டாவது, போக்கைப் பாருங்கள். 2024-ல் பேட்டிங் வந்ததில் மூன்றில் ஒரு முறை ஸ்ட்ரைக் அவுட். 2025-ல் அது ஐந்தில் ஒன்றைச் சற்றுத் தாண்டிய அளவுக்கு இறங்கிவிட்டது. ஒரே குளிர்காலத்தில் இவ்வளவு பெரிய ஓட்டையை அடைத்த 21 வயதுப் பையனிடம் ‘உன் உயரம் இவ்வளவுதான்’ என்று எப்படிச் சொல்ல முடியும்?

பின்னாளில் பெரிய நட்சத்திரங்களான இருவரைப் பாருங்கள். அலெக்ஸ் ரோட்ரிகஸ் 1994-ல் 17 ஆட்டத்தில் 0.204, 1995-ல் 48 ஆட்டத்தில் 0.232. மைக் ட்ரௌட் 2011-ல் 40 ஆட்டத்தில் 0.220. இவர்களுக்கும் முதல் கதவு மூடித்தான் திறந்தது.

கிழக்குவாசல்

இந்த இரண்டு பெயரும் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இவை உங்களுக்கு எதிராகத்தான் பேசுகின்றன. ரோட்ரிகஸ் 1996-ல் 0.358 அடித்து லீக்கின் பேட்டிங் சாம்பியன் ஆனார், 36 ஹோம் ரன். அந்தப் பருவத்தின் நடுவில்தான் அவருக்கு 21 முடிந்தது. ட்ரௌட் 2012-ல் 30 ஹோம் ரன், 49 ஸ்டீல், ஏகமனதாகச் சிறந்த புதுமுகம். அவருக்கும் ஏறக்குறைய அதே வயது. வயதை வைத்துப் பேசினால் முழுக்கப் பேசுவோம். அந்த வயதில் அவர்கள் இருவரும் லீக்கையே ஆண்டுகொண்டிருந்தார்கள். ஹாலிடே சராசரியைத் தொட்டிருக்கிறார். இவற்றை ஒரே வரியில் எழுதவே கூடாது.

அப்புறம், தடுக்கி விழுந்து எழுந்தவர்களின் பட்டியல்தான் எல்லோருக்கும் நினைவில் இருக்கும். விழுந்தே போனவர்களை யார் எண்ணுகிறார்கள்? பிராண்டன் வுட் என்ற ஷார்ட்ஸ்டாப் 2005-ல் மைனர் லீகில், ரேஞ்சோ குக்கமோங்காவில் 43 ஹோம் ரன் அடித்தார். மேஜர் லீகில் வாழ்நாள் சராசரி 0.186. டிம் பெக்கம் 2008 டிராஃப்டின் முதல் ஆள், அவரும் பள்ளி ஷார்ட்ஸ்டாப்தான். 2017-ல் நம் ஓரியோல்ஸுக்கே வந்து ஆடினார். இடத்துக்கு இடம் மாறித்தான் காலத்தை ஓட்டினார்.

புதுரசிகை

இடையில் ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஸ்கவுட்டுகள் (ஆட்டக்காரர்களை எடைபோடுபவர்கள்) 50, 60 என்று மதிப்பெண் போடுகிறார்களே, அது நூற்றுக்கா? 50 என்றால் பாதிதானே, அதை ஏன் நல்லது என்கிறார்கள்?

ஆறு_நான்கு_மூன்று

@புதுரசிகை நல்ல கேள்விம்மா. நூற்றுக்கு இல்லை. அளவு 20-ல் தொடங்கி 80-ல் முடியும். 50 என்றால் மேஜர் லீகில் தினமும் ஆடும் சராசரி ஆட்டக்காரரின் தரம். பள்ளியிலும் மைனர் லீகிலும் இருக்கும் ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் 50-ஐத் தொடவே மாட்டார்கள், அதனால் அது பெரிய பாராட்டு. ஹிட், பலம், ஓட்டம், ஃபீல்டிங், தோள் (எறியும் பலம்) என்று ஐந்துக்கும் தனித்தனியாக, இன்றைக்கு எவ்வளவு, முழுதாக வளர்ந்தால் எவ்வளவு என்று இரண்டு எண் போடுவார்கள். இங்கே இரண்டு பேரும் சண்டை போடுவது அந்த இரண்டாவது எண்ணுக்காகத்தான்.

ஸ்கோர்புக்

நான் கிழக்குவாசல் பக்கம், ஆனால் என் காரணம் வேறு. எனக்குப் பலத்தைப் பற்றிக் கவலை இல்லை. 17 ஹோம் ரன் அடித்த 21 வயதுக்காரருக்கு உடம்பு முற்றும்போது 22, 23 வந்துவிடும். என் கவலை வாக்.

இளம் ஆட்டக்காரர்களில் ஹாலிடேயை முதலிடத்துக்குக் கொண்டுபோனது மோசமான பந்தை ஆடாமல் விடும் பொறுமைதான். 2023-ல் சராசரிக்கும் ஆன்பேஸுக்கும் இடையே 0.119 வித்தியாசம். 2025-ல் 0.072. மைனர் லீகில் பந்தை விட்டு விட்டு பேஸில் ஏறிய பையன், மேலே வந்ததும் துரத்துகிறார், அல்லது ஸ்ட்ரைக்காக வரும் பந்துகளைத் தொட முடியாமல் எண்ணிக்கையில் பின்தங்குகிறார்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 2023-லும் 2024 தொடக்கத்திலும் மைனர் லீக்கின் உச்சப் படியான டிரிபிள் ஏ-யில் வாரத்தின் பாதி ஆட்டங்களில் ஸ்ட்ரைக்கைத் தீர்மானித்தது கணினி. மீதிப் பாதியில் அம்பயரை எதிர்த்து முறையீடு செய்யலாம். அந்தக் கணினியின் ஜோன் (ஸ்ட்ரைக்காகக் கணக்காகும் பகுதி) துல்லியமானது. ஓரத்தில் அரை அங்குலம் விலகினாலும் அது ‘பால்’தான், ஸ்ட்ரைக் இல்லை. பந்தைக் கூர்ந்து பார்க்கிற ஒருவருக்கு அது சொர்க்கம். மேலே வந்தால் கேட்சர் கையை நைசாக நகர்த்தி அதே பந்தை ஸ்ட்ரைக் ஆக்கிவிடுவார். நார்ஃபோக்கில் கற்ற ஜோன் வேறு, பால்டிமோரில் ஆட வேண்டிய ஜோன் வேறு.

நிதானம்

@ஸ்கோர்புக் இது அருமையான புள்ளி. ஆனால் இதையே கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். 2026 முதல் மேஜர் லீகிலும் முறையீட்டு முறை வருகிறது. ஓரப் பந்துகளை நன்றாகப் பார்ப்பவருக்கு இழந்தது திரும்பக் கிடைக்கும். உங்கள் காரணம் சரி என்றால், வாக் ஏற வேண்டும், இறங்கக் கூடாது.

@கிழக்குவாசல் விழுந்தே போனவர்கள் பட்டியலை நான் மறுக்கவில்லை. ஆனால் வுட் மேலே வந்தபின் பந்தைத் தொடவே முடியாமல் தவித்தார், கடைசிவரை அது சரியாகவில்லை. ஹாலிடே சரிசெய்துகொண்டார். இரண்டும் ஒரே வகையில் சேராது. வேண்டுமென்றால் டான்ஸ்பி ஸ்வான்சனை எடுங்கள். 2015 டிராஃப்டின் முதல் ஆள், ஷார்ட்ஸ்டாப். 2017-ல் அட்லாண்டாவில் 0.232, 6 ஹோம் ரன், ஜூலையில் டிரிபிள் ஏ-க்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு 23 வயது. 2022-ல் ஆல் ஸ்டார் அணியில் இடம், கோல்ட் கிளவ் (சிறந்த ஃபீல்டருக்கான விருது). பிறகு சிகாகோ கப்ஸ் ஏழு ஆண்டுக்கு 17.7 கோடி டாலர் கொடுத்தது.

கிழக்குவாசல்

ஸ்வான்சனுக்கு அந்தப் பணத்தைக் கொடுத்தது அவர் மட்டை மட்டும் இல்லை. ஷார்ட்ஸ்டாப்பில் நின்று அவர் தடுத்த பந்துகளும் சேர்ந்துதான். அவர் பேட்டிங் பல ஆண்டுகள் சராசரியை ஒட்டியே இருந்தது. அதே பேட்டிங்கோடு செகண்ட் பேஸில் நின்றிருந்தால் அந்தத் தொகை வந்திருக்குமா? நான் முதலிலிருந்து சொல்வது இதைத்தான். ஹாலிடே ஷார்ட்ஸ்டாப்பை விட்ட நாளிலேயே மட்டைமேல் சுமை ஏறிவிட்டது. நம் ஷார்ட்ஸ்டாப் கன்னர் ஹெண்டர்சன் இருக்கும்வரை அந்த இடம் திரும்பக் கிடைக்கப் போவதில்லை.

ஆறு_நான்கு_மூன்று

இப்போது நான் பேச வேண்டிய இடம் வந்துவிட்டது. எல்லோரும் மட்டையையே பார்க்கிறீர்கள். இளம் இன்ஃபீல்டரை (பேஸ்களைச் சுற்றி நிற்கும் ஃபீல்டர்) அளக்க வேண்டுமானால் கால்களைப் பாருங்கள்.

ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து செகண்ட் பேஸுக்குப் போவதை எல்லோரும் ‘எளிய இடத்துக்கு இறக்கம்’ என்கிறார்கள். எறியும் தூரம் குறைவு, அது உண்மை. ஆனால் டபுள் பிளேயில் (ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட் ஆக்குவது) எல்லாம் தலைகீழ். ஷார்ட்ஸ்டாப் ஓடிவரும்போது முதல் பேஸ் அவர் கண்ணுக்கு முன்னால் இருக்கும், அந்த வேகத்திலேயே எறிந்துவிடலாம். செகண்ட் பேஸ்மேன் இடப்பக்கமிருந்து வரும் பந்தை வாங்கும்போது ரன்னர் அவர் முதுகுப் பக்கமாக வருவார். வாங்கி, காலை மாற்றி, உடம்பைத் திருப்பி எறிய வேண்டும். சிறு வயதிலிருந்து ஷார்ட்ஸ்டாப்பாக நின்ற உடம்புக்கு இது இயல்பாக வராது. ஹாலிடே இந்த வேலையைப் பெரும்பாலும் 2024-லிருந்து, அதுவும் மேஜர் லீகில் நின்றுகொண்டே கற்கிறார்.

இன்னொன்று, 2023-ல் வந்த விதி. இரண்டாம் பேஸின் இரு பக்கமும் இரண்டிரண்டு இன்ஃபீல்டர்கள், கால்கள் இன்ஃபீல்ட் எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும். முன்பெல்லாம் இடதுகை பேட்டர் வந்தால் செகண்ட் பேஸ்மேனை வலப்பக்கப் புல்வெளிக்குள் தள்ளி நிறுத்தி, அவர் வேகக்குறைவை மறைத்துவிடலாம். இப்போது முடியாது. அதனால் அந்த இடத்தில் வேகமாக நகர்கிற ஆளுக்கு முன்பைவிட மதிப்பு அதிகம். ஷார்ட்ஸ்டாப்பாகப் பயின்ற கால்கள் அங்கேதான் பயன்படும்.

கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டால் மார்கஸ் செமியனைக் காட்டுவேன். 2015-ல் ஓக்லண்டில் ஷார்ட்ஸ்டாப்பாக 35 பிழை. பயிற்சியாளர் ரான் வாஷிங்டன் தினமும் மண்டிபோட வைத்து, சின்னக் கையுறையில் பந்து எடுக்க வைத்துப் பழக்கினார். 2021-ல் டொரான்டோவில் செகண்ட் பேஸுக்கு மாறி கோல்ட் கிளவ் வாங்கினார், அதே ஆண்டு 45 ஹோம் ரன். 2015-ல் பிழை செய்தபோது அவருக்கு ஹாலிடேயை விட வயது அதிகம்.

கிழக்குவாசல்

செமியனை நானும் மதிக்கிறேன். ஆனால் 2015-லிருந்து 2021 வரை ஆறு ஆண்டு. விரும்பிய அணிக்குப் போகும் உரிமை வரும்வரை, ஓரியோல்ஸ் கையில் ஹாலிடே மொத்தமாகவே ஏறக்குறைய அவ்வளவு காலம்தான் இருப்பார். அவர் 27 வயதில் செமியன் ஆனால் அந்தப் பலனை வேறொரு அணி அனுபவிக்கும். ஆட்டக்காரர் வளருவாரா என்பது ஒரு கேள்வி. நம்மிடம் இருக்கும்போதே வளருவாரா என்பது வேறு கேள்வி. அணியை நேசிக்கிறவனுக்கு இரண்டாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

புதுரசிகை

2024 ஜூலை 31 அன்று திரும்ப அழைக்கப்பட்ட முதல் நாளே கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது ஹோம் ரன்) அடித்தாரே. முதல் மேஜர் லீக் ஹோம் ரன்னே அதுதான், பந்து வலப்பக்கச் சுவருக்கு அப்பால் உள்ள யூட்டா தெருவில் போய் விழுந்தது. அந்தப் பலம் இருக்கிற ஆளுக்கு ஸ்லக்கிங் 0.375 எப்படி வரும்? எனக்குப் புரியவில்லை.

ஸ்கோர்புக்

@புதுரசிகை ஒரு நாள் 439 அடி அடிப்பது அவரிடம் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதைக் காட்டும். எத்தனை நாள் அப்படி அடிக்கிறார் என்பது அவர் எந்தப் பந்தை ஆடுகிறார் என்பதைப் பொறுத்தது. அவர் இடதுகை பேட்டர். நான் பார்த்தவரை இடதுகை பிட்சர் (பந்து எறிபவர்) வந்தால் அவர் ஸ்விங்கே மாறிவிடுகிறது. வெளியே விலகிப் போகும் ஸ்லைடருக்குக் கையை நீட்டி, தரையோடு இரண்டாம் பேஸ் பக்கம் உருட்டிவிடுகிறார். வலதுகை பிட்சரின் உள்பக்க ஃபாஸ்ட்பாலை இழுத்து அடிக்கும்போது வேறு ஆள். இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் 0.375.

நிதானம்

அப்படியானால் நம் கருத்து வேறுபாடு சுருங்கிவிட்டது. இடதுகை பிட்சரை எதிர்கொள்ளும் ஒரு திறமைதான் பாக்கி. அதைப் பெஞ்சில் உட்கார்ந்து யாரும் கற்றதில்லை. எனவே அவரை இடதுகை பிட்சர்கள் வரும் நாளில் ஓய்வு கொடுத்து மறைக்கக் கூடாது. 2025-ல் தினமும் ஆட விட்டார்கள், லீடாஃப் (முதலில் ஆடும் பேட்டர்) இடத்தையும் கொடுத்தார்கள். வெளியே தோல்வி என்று தெரிந்தாலும் அந்த அடிகளை வாங்கியதுதான் அவருக்கான முதலீடு.

என் மதிப்பெண்: ஹிட் 60, பலம் 50, ஓட்டம் 55, செகண்ட் பேஸில் ஃபீல்டிங் 50. இரண்டு மூன்று முறை ஆல் ஸ்டார் ஆகக்கூடியவர்.

கிழக்குவாசல்

என் மதிப்பெண்: ஹிட் 50, பலம் 50, ஓட்டம் 55, ஃபீல்டிங் 45. நல்ல அணியில் பேட்டிங் வரிசையில் ஏழாவது இடத்தில் ஆடும் நம்பகமான ஆள். பத்து ஆண்டு மேஜர் லீகில் இருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஹெண்டர்சனுக்குப் பக்கத்தில் இரண்டாவது தூணாக இவரை வைத்து, அதனால் வேறு பேட்டரை வாங்காமல் விட்டால் மறுபடி 87 தோல்விதான்.

பெரிய வித்தியாசம் ஹிட்டில் 10 புள்ளி. 2026 ஜூன் முடிவில் இரண்டு எண்ணைக் கொண்டுவருகிறேன்: இடதுகை பிட்சருக்கு எதிராக ஆன்பேஸ், மொத்த வாக். முதலாவது 0.300-ஐத் தாண்டவில்லை என்றால் உங்கள் 60-ஐ இறக்க வேண்டும்.

நிதானம்

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 0.290 என்று வந்து, வாக் ஏறியிருந்தால் நான் இறக்க மாட்டேன். அப்போதும் அவருக்கு 22 வயதுதான்.

ஆறு_நான்கு_மூன்று

டபுள் பிளேயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் காலை மாற்றும் வேகத்தை நான் ஒவ்வொரு ஆட்டத்திலும் குறித்துவைத்து இங்கே போடுகிறேன்.