வாபிளுக்கு ‘உதறல்’ போதுமே

மோட்டார் சைக்கிள் ஓடும்போது ஹேண்டில் தானாக ஆடுவதை ஆங்கிலத்தில் ‘வாபிள்’ (wobble) என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன பேர் வைக்கலாம் என்ற பேச்சில் ‘தள்ளாட்டம்’, ‘முன்முனை அலைவு’, ‘ஆட்டம்’ என்றெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். ‘தள்ளாட்டம்’ வேண்டாம் என்பது என் கட்சி. தள்ளாடுகிறவன் முழு உடம்போடும் மெதுவாக, அகலமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருவான். நாம் பேர் தேடுகிற சங்கதி அப்படியில்லை. வண்டி நேராகத்தான் போகிறது, முன்சக்கரமும் அதை இருபுறமும் பிடித்திருக்கிற ஃபோர்க்கும் ஹேண்டில்பாரும் மட்டும் சேர்ந்துகொண்டு வெடவெடவென்று இடமும் வலமும் அடிக்கின்றன, வண்டிக்கு வண்டி மாறினாலும் நொடிக்கு 4 முதல் 10 முறை வரை. ‘முன்முனை அலைவு’ இயற்பியல்படி சரிதான், ஆனால் ஸ்பானர் பிடிக்கிற யாரும் அதை வாயால் சொல்ல மாட்டார்கள்.

எல்லாரும் ‘ஆட்டம்’ என்றுதானே சொல்கிறார்கள், அதையே வைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்டது நியாயம். ஆனால் அந்தச் சொல்லால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். புது வண்டி, முதல் சர்வீஸ்கூட ஆகவில்லை. ஆக்ஸிலேட்டரை விட்டதும் வேகம் இறங்கி 60க்குப் பக்கத்தில் வரும்போது ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும், பிடியைத் தளர்த்தினால் இன்னும் நன்றாகத் தெரியும், 45க்குக் கீழே போனால் எதுவுமே நடக்காத மாதிரி அடங்கிவிடும். சர்வீசில் போய் “முன்னாடி ஆட்டம் இருக்கு” என்றேன். மெக்கானிக்குக்கு ஆட்டம் என்றால் பிளே, ஒரு பாகம் தன் இடத்தில் லொடலொடவென்று இருப்பது. அவர் முறையாகத்தான் பார்த்தார்: முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கை அடியில் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுத்து, ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பி எங்காவது சிக்குகிறதா என்று தடவிப் பார்த்து, “கோன்செட்ல ஆட்டமே இல்ல சார்” என்று அனுப்பிவிட்டார். (கோன்செட் என்பது ஹேண்டில் திரும்புகிற கழுத்தில் இருக்கும் பேரிங்.) நான் சொன்னது நோயின் அறிகுறி, அவர் காதில் விழுந்தது நோயின் காரணம்.

அடுத்த முறை போனபோது வேறு மாதிரி சொன்னேன்: “ஹேண்டில் உதறுது, அதுவும் 60ல மட்டும்.” உடனே மனுஷர் கோன்செட்டை விட்டுவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தார். ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும். 17 அங்குல முன்சக்கரத்துக்கு டயரோடு சுற்றளவு சுமார் 1.9 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. என்பது நொடிக்கு 16.7 மீட்டர், அதாவது சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 9 சுற்று. முன்பக்கம் தானாகவே ஆடத் துடிக்கிற அதிர்வெண்ணும் அதே அக்கம்பக்கத்தில்தான். சக்கரத்தில் சின்னக் குறை இருந்தாலும் சுற்றுக்கு ஒரு தள்ளு, ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற மாதிரி.

கடைசியில் ரிம்மில் கோட்டமும், அதாவது வளைவும், இல்லை. (கோட்டம் எவ்வளவு அழகான சொல், சைக்கிள் கடைக்காரர்கள் நமக்காக எப்போதோ ஆக்கி வைத்துவிட்டார்கள்.) டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டிச் சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு ஓடும், அது ஓரிடத்தில் மட்டும் ரிம்முக்குள் இறங்கியிருந்தது. டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி காற்றடித்து உட்காரவைத்து, பேலன்ஸும் பார்த்தார்கள். உதறல் போச்சு.

இதனால் ஆட்டத்துக்கும் உதறலுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல வரவில்லை. புது வண்டியில் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் கோன்செட் படிந்து லேசாகத் தளரும், அந்த ஆட்டம் உதறலைக் கிளப்பும். அதற்குப் பயந்து மிகையாக இறுக்கினால் மெதுவாகப் போகும்போது வண்டி நேர்கோட்டில் நிற்காமல் அலையும். பின்னால் கனமான பெட்டி மாட்டினாலும் உதறல் கூடும். அதனால்தான் சொல்கிறேன், ஆட்டம் காரணங்களில் ஒன்று, அதை விளைவுக்கும் பேராக வைத்தால் “ஆட்டம் இல்லாத ஆட்டம்” என்று எழுத வேண்டிவரும்.

உதறல் என்றால் பயம் அல்லவா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், வண்டி உதறும்போது ஓட்டுகிறவருக்கும் அதேதான் எடுக்கும், என்ன குறைந்துபோச்சு? ஹேண்டில் ஒரு கோடிக்கும் மறுகோடிக்குமாக அறைகிற அளவுக்குப் போனால் அதை ‘முற்றிய உதறல்’ எனலாம். ஹேண்டில் இப்படி அடிக்காமல் அடக்குகிற ஸ்டியரிங் டாம்பர் ‘உதறல் தணிப்பி’ ஆகட்டும்.

வாபிளுக்கு அடுத்த ‘வீவ்’ (weave) என்ற சொல் மட்டும்தான் எனக்கு இன்னும் இடிக்கிறது. அதிவேகத்தில் பின்பக்கமும் சேர்ந்து முழு வண்டியும் நொடிக்கு 2, 3 முறை பாம்பு மாதிரி போகுமே, அது. ‘நெளிவு’ என்று வைத்திருக்கிறேன், ஆனால் தகரம் நெளிவதும் அதே சொல்தான், விபத்தில் ஃபோர்க் நெளிந்துவிட்டது என்றும் எழுதுவோம். தள்ளாட்டம் பிடித்தவர்கள் வேண்டுமானால் அதை இங்கே கொண்டுவந்து பொருத்திப் பாருங்கள், இந்த இடத்துக்கு ஒருவேளை பொருந்தலாம்.