டெபியன் ஸ்க்வீஸுக்கு ஏற்றியபின் "எச்டிஏ1 இல்லை" என்று நிற்கிறது

கேள்வி:
அச்சகக் கணக்கு வைத்திருக்கும் பழைய பெந்தியம் 4 பெட்டி, ஒரே ஒரு ஐடிஇ வட்டு. டெபியன் லினக்ஸை லென்னி பதிப்பிலிருந்து அடுத்த பதிப்பான ஸ்க்வீஸுக்கு ஏற்றினேன். இப்போது தொடங்கினால் "/டெவ்/எச்டிஏ1 இல்லை" என்று இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் (தொடக்கம் பாதியில் நின்றால் வரும் கட்டளைத் திரை) விட்டுவிடுகிறது. லைவ் சிடியில் கோப்புகள் எல்லாம் தெரிகின்றன. வட்டு போய்விட்டதா?

பதில் 1:
வட்டுக்கு ஒன்றுமில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. லென்னியின் 2.6.26 கர்னல் பழைய ஐடிஇ டிரைவரில் ஓடியது. ஸ்க்வீஸின் 2.6.32 லிப்ஏடிஏ என்ற புது டிரைவர் தொகுப்புக்குப் போய்விட்டது. அதற்கு எல்லா வட்டும் எஸ்டி என்று பெயர் பெறும் ஸ்கசி வகை மாதிரிதான். எச்டிஏ1 இனி எஸ்டிஏ1. தொடக்க நிரலான கிரப்பின் பட்டியலில் 'இ' அழுத்தி, ரூட்= (முதன்மைப் பகிர்வு) இருக்கும் வரியில் பெயரை மாற்றித் தொடங்குங்கள். அது அந்த ஒரு முறைக்குத்தான் நிற்கும்.

ஏற்றும்போது வட்டுப் பெயர்களை யுயுஐடியாக (ஒவ்வொரு பகிர்வுக்கும் உரிய மாறாத அடையாள எண்) மாற்றவா என்று லினக்ஸ்-பேஸ் பொதி கேட்டிருக்குமே?

கேட்டவர்:
கேட்டது சார். பயந்துபோய் வேண்டாம் என்று கொடுத்துவிட்டேன். ரூட் ஏறியது, ஆனால் வட்டுச் சோதனையான எஃப்எஸ்செக்கில் நின்று பராமரிப்பு ஷெல்லுக்கு வந்துவிட்டது. எந்தப் பகிர்வு எங்கே என்று சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பில் எச்டிஏ எல்லாவற்றையும் எஸ்டிஏ என்று மாற்றிவிடவா?

பதில் 2:
இன்றைக்கு ஓடும். பழைய முறையில் எச்டிஏ என்றால் முதல் கேபிளின் மாஸ்டர், எச்டிசி என்றால் இரண்டாவது கேபிளின் மாஸ்டர். உட்கார்ந்த இடத்தை வைத்துப் பெயர். எஸ்டிஏ, எஸ்டிபி எல்லாம் கண்ணில் பட்ட வரிசை. யுஎஸ்பி வட்டைச் செருகியபடி தொடங்கினால் அது முந்திக்கொள்ளலாம். அதனால் ரூட்டை எழுதும்படி ரீமவுன்ட் (மறுபடி இணைப்பு) செய்து, பிஎல்கேஐடி கட்டளை காட்டும் யுயுஐடிகளை எஃப்எஸ்டாபில் போடுங்கள். ஸ்வாப் பகிர்வையும் விடாதீர்கள்.

கேட்டவர்:
போட்டேன், வந்துவிட்டது! கிரப்பின் பட்டியல் கோப்பான மெனு.எல்எஸ்டியிலும் மாற்றினேன். ஆனால் அதைப் புதுப்பிக்கும் அப்டேட்-கிரப் ஓட்டியதும் பழையபடி எச்டிஏ1 வந்து உட்கார்ந்துவிட்டது.

பதில் 2:
இதில் நானும் ஒரு ராத்திரி தொலைத்திருக்கிறேன். அந்தக் கோப்பில் # கேஆப்ட்= என்று ஒரு வரி இருக்கும். பார்க்கக் குறிப்புரை மாதிரிதான், ஆனால் அப்டேட்-கிரப் அதைப் படித்துத்தான் மற்ற வரிகளை எழுதுகிறது. யுயுஐடியை அங்கே போடுங்கள். #ஐ மட்டும் எடுத்துவிடாதீர்கள்!

கேட்டவர்:
சரியாகிவிட்டது. சிடி மட்டும் மவுன்ட் ஆகவில்லை.

பதில் 1:
சிடி டிரைவின் எச்டிசி இனி எஸ்ஆர்0. எஃப்எஸ்டாபில் அதையும் மாற்றுங்கள்.

பதில் 3 (பல வருடம் கழித்து):
தேடி வருகிறவர்களுக்கு: 2021இல் வந்த 5.14 கர்னலில் அந்தப் பழைய ஐடிஇ டிரைவரையே எடுத்துவிட்டார்கள். எச்டிஏ என்று எழுதிய ஸ்கிரிப்ட் எங்காவது கிடந்தால் இப்போதே தேடிப் பிடியுங்கள். என் பேக்கப் ஸ்கிரிப்டில் போன மாதம்தான் ஒன்று அகப்பட்டது.