வாட்டர் பம்ப் ஒழுகல்: வீட்டிலேயே மாற்றியவர்கள் அனுபவம் எழுதுங்கள்

திண்டுக்கல் | சான்ட்ரோ ஸிங், பெட்ரோல்

வணக்கம் நண்பர்களே. "கூலண்ட் குறைந்துகொண்டே போகிறது, எங்கே போகிறதென்று தெரியவில்லை" என்று பலர் கேட்கிறார்கள். கூலண்ட் என்பது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், அதை என்ஜினுக்குள் சுற்றிவிடுவது வாட்டர் பம்ப். எங்கள் வீட்டு சான்ட்ரோவுக்கு அந்தப் பம்பை நானே மாற்றினேன். அதை விரிவாக எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். வண்டி பெயரைக் கட்டாயம் போடுங்கள், வண்டிக்கு வண்டி இந்த வேலை அடியோடு மாறும்.

ரிசர்வ் டப்பாவில் அளவு மெல்ல இறங்கியது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. வண்டி ஓடும்போது கசிகிற கூலண்ட் சூட்டிலேயே காய்ந்துவிடும், அதனால் பகலில் தேடிப் பயனில்லை. ராத்திரி வண்டியை நிறுத்தி அடியில் அட்டையை விரித்து வைத்தேன். காலையில் பெல்ட் பக்கம் பச்சையாக ஒரு கறை. போன் கேமராவில் டார்ச் போட்டு உள்ளே விட்டுப் பார்த்தால், பம்ப் புல்லிக்குப் பின்னால் உள்ள சின்ன ஓட்டையிலிருந்து வெள்ளையும் பச்சையுமாக உப்புக் கோடு ஒன்று கீழே இறங்கியிருந்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். நன்றாகவே ஆடியது. பேரிங்கும் போய்விட்டது என்று அர்த்தம்.

அந்த ஓட்டை விரிசல் அல்ல. பம்ப் செய்கிறவர்களே வைத்தது. பம்ப் ஷாஃப்டில் தண்ணீர்ப் பக்கம் ஒரு சீல், அதற்கு வெளியே பேரிங். சீல் தேய்ந்து தண்ணீர் தாண்டி வந்தால், பேரிங்குக்குள் போகாமல் வெளியே வடியத்தான் நடுவில் இந்த வழி. இதில் எம்-சீல் வைத்து அடைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அடைத்தால் தண்ணீர் பேரிங்கில் இறங்கி கிரீஸைக் கழுவிவிடும். பேரிங் இறுகிப் பிடித்தால் பெல்ட் அறுந்து, ஆல்டர்னேட்டரும் நின்று, வண்டி நடுரோட்டில் நிற்கும்.

சான்ட்ரோவில் பம்பைச் சுற்றுவது ஆல்டர்னேட்டர் பெல்ட்தான். ஆனால் பம்ப் உட்கார்ந்திருக்கும் இடம் டைமிங் பெல்ட் (கிராங்க்கையும் வால்வுகளை இயக்கும் கேமையும் ஒரே தாளத்தில் சுற்றவைக்கும் பெல்ட்) கவருக்குப் பின்னால். அதனால் டைமிங்கைக் கலைக்காமல் பம்பை எடுக்க முடியாது. வீட்டில் செய்யலாமா கூடாதா என்பதே இதைப் பொறுத்துத்தான். உங்கள் வண்டியில் பம்ப் எங்கே இருக்கிறது என்று ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

என்ஜின் முழுக்க ஆறிய பிறகு பேட்டரி மைனஸைக் கழற்றினேன். கூலண்டை வாய் அகலமான டப்பில் இறக்கி, உடனே மூடி வைத்தேன். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சம் போனாலே சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். எங்கள் தெருவில் நாய்கள் அதிகம். சிந்தியதைத் துணியில் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொட்டேன்.

பம்ப் புல்லியின் போல்ட்டுகளைப் பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிடுங்கள். பெல்ட்டை எடுத்த பிறகு புல்லி சும்மா சுற்றும், பிடிமானம் கிடைக்காது. வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதீர்கள்), பெல்ட் பக்கத்து முன் சக்கரத்தைக் கழற்றினேன். ஆயில் சம்ப் அடியில் மரக்கட்டை வைத்து என்ஜினைத் தாங்கிவிட்டு, அந்தப் பக்கத்து மவுண்ட், கிராங்க் புல்லி, கவர் என்று வரிசையாக எடுத்தேன். முதல் சிலிண்டரை மேல் நிலைக்குக் கொண்டுவந்து, கேம் பல்சக்கரக் குறியும் கிராங்க் குறியும் நேராக வந்ததும் வெள்ளை பெயின்ட்டில் அடையாளம் போட்டு, நாலு பக்கமிருந்தும் போட்டோ எடுத்துக்கொண்டேன். அதற்கப்புறம்தான் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்தி பெல்ட்டை எடுத்தேன்.

பம்ப் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. அட்டையில் பம்பின் வடிவத்தை வரைந்து, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வைத்தேன். நீளமானதைக் குட்டை இடத்தில் போட்டு இறுக்கினால் அலுமினியத்தில் மரை போய்விடும்.

பழைய பம்பைக் கையில் வாங்கிப் பார்த்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் இதழ்களின் ஓரம் துருவில் அரித்து, ரம்பம் மாதிரி பல் பல்லாகிவிட்டது. சீல் ஓரத்தில் விரலை வைத்தால் செம்மண் நிறத்தில் மாவாக ஒட்டியது. எங்களுக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார். அதன் விளைவு இது.

அதிக நேரம் பிடித்தது பழைய கேஸ்கெட்டை (பம்புக்கும் என்ஜினுக்கும் நடுவே கசியாமல் இருக்க வைப்பது) சுரண்டுவதில்தான். என்ஜின் முகம் அலுமினியம், பிளேடு பட்டால் கீறல் விழும், அந்தக் கீறல் வழியே மறுபடி கசியும். மரக்குச்சியைச் சீவி, அதாலேயே பொறுமையாக எடுத்தேன். முகத்தைத் துடைத்துக் காயவிட்டு, புது கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். டைமிங் பெல்ட்டும் டென்ஷனரும் புதுசு போட்டேன். இவ்வளவு தூரம் பிரித்துவிட்டுப் பழைய பெல்ட்டையே மாட்டுவது வீண் சிக்கனம். பெல்ட் போட்டதும் கிராங்கைக் கையால் முழுசாக இரண்டு சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேராக வருகின்றனவா என்று பார்த்தேன். இதை விட்டுவிட்டு சாவியைப் போடவே கூடாது. ஒரு பல் தவறினால் வண்டி இழுக்காது, அதிகம் தவறினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

கூலண்ட் ஊற்றி ஏர் எடுப்பதைப் (உள்ளே அடைத்த காற்றை வெளியேற்றுவதை) பற்றி யாராவது எழுதுவார்கள் என்று விடுகிறேன்.

காரைக்குடி | அம்பாசடர், 1489 சிசி

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. எங்கள் வண்டியில் டைமிங் பயமே இல்லை. அப்பாவும் நானும் சேர்ந்து மாற்றினோம். அம்பாசடரில் ரேடியேட்டர் ஃபேன் வாட்டர் பம்ப் மேலேயேதான் மாட்டியிருக்கும், இரண்டையும் ஒரே ஃபேன் பெல்ட் சுற்றும். ரேடியேட்டரை வெளியே எடுத்துவிட்டால் ஆளே இறங்கி நிற்கிற அளவுக்கு இடம். ஃபேன், புல்லி, பம்ப், அவ்வளவுதான்.

ஆனால் இதில் வேறோர் ஆபத்து இருக்கிறது. பேரிங் ஆட ஆரம்பித்தால் ஃபேனும் சேர்ந்து ஆடும். கவனிக்காமல் ஓட்டினால் ஃபேன் முன்னால் வந்து ரேடியேட்டரையே கிழித்துவிடும். அதனால் அப்பா இப்போதும் பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் முதலில் ஃபேனைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது, இருந்தும் பம்ப் கிடைப்பதில் எங்களுக்குச் சிரமம் இருக்கவில்லை. புதிதாக வாங்கிய பம்பைப் பழையதோடு பக்கத்தில் வைத்து உயரம், போல்ட் ஓட்டை, புல்லி முகம் எல்லாம் ஒத்துப் பார்த்துவிட்டே மாட்டினோம். பெட்டி மேல் வண்டி பெயர் இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம்.

யாழ்ப்பாணம் | மொறிஸ் மைனர்

தங்கச்சி சொன்ன அம்பாசடர் பம்பும் எங்கட மொறிஸ் பம்பும் ஒரே குடும்பம்தான். இஞ்சையும் ஃபேன் பம்பிலதான் பூட்டியிருக்கு. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை இருந்த காலம், பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயிலதான் இந்தக் கார் எல்லாம் ஓடினது. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. சாமான் ஒண்டும் வராது. பம் ஒழுகினால் பேரிங்கையும் சீலையும் வேற எதிலயாவது இருந்து கழட்டி, கடைசல்காரரிட்ட குடுத்துப் பொருத்துவிச்சுத்தான் ஓடினம். கேஸ்கெற்றைத் தடிச்ச மட்டையில வெட்டி, கிறீஸ் பூசி வைச்சம். அப்பா செய்யேக்க டோர்ச் பிடிச்சது நான்தான்.

இப்ப கொழும்பு பஞ்சிகாவத்தையில தேடினால் பழைய வாகனச் சாமான் அனேகமாகக் கிடைக்குது. போன வருசம் நானே புதுப் பம் பூட்டினன். ஃபேனைத் திருப்பிப் பூட்டேக்க முன்பக்கம் எது, பின்பக்கம் எது எண்டு குறிச்சு வையுங்கோ. மாறிப் பூட்டினால் காத்து ஒழுங்கா இழுக்காது, கார் சூடாகும்.

திருநெல்வேலி | மெக்கானிக்

திண்டுக்கல் தம்பி, வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கீர். நான் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன், ஆனாலும் சொல்கிறேன், பம்ப் வெளியே இருக்கிற வண்டி என்றால் பொறுமையுள்ள யாரும் வீட்டிலேயே மாற்றலாம். டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் இருந்தால், முதல் தடவை தெரிந்த ஆள் ஒருத்தரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

எங்கள் பக்கம் பம்ப் சாகிறதுக்கு முக்கால்வாசி காரணம் உப்புத் தண்ணீர். சீலில் கார்பன் முகமும் செராமிக் முகமும் ஒன்றோடொன்று உரசி நிற்கும். நடுவே தண்ணீர் மெல்லிய படலமாக இருந்து ரெண்டையும் காப்பாற்றும். போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு அங்கே படிந்தால் மணல் போட்டு அரைத்த கதைதான். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். நம்ம ஊரில் எங்கே பனி உறையப் போகிறது என்று கேட்காதீர்கள். அதில் துருவைத் தடுக்கிற மருந்து இருக்கிறது, நமக்கு வேண்டியது அதுதான்.

ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். பல வண்டிகளில் மேலே 0.9 என்று போட்டிருக்கும், அது பார் கணக்கில் அழுத்தம். அந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் காய்ந்துபோன மூடி அழுத்தத்தை விட்டுவிடும், பம்ப் புதுசாக இருந்தும் வண்டி கொதிக்கும். சூட்டோடு மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். முகம் வெந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஏர் எடுக்கிறது சுலபம். மூடியைத் திறந்து வைத்து, ஆறிய என்ஜினை ஸ்டார்ட் பண்ணி, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கி விட்டால் குமிழ் குமிழாக வரும், அளவு இறங்க இறங்க ஊற்றுங்கள். சூடேறினால் திறக்கிற வால்வான தெர்மோஸ்டாட் திறந்ததும் அளவு சட்டென்று இறங்கும். ஊற்றி, மூடியைப் போட்டு, ஃபேன் தானாக ஓடி நிற்கிற வரை காத்திருங்கள். உள்ளே ஹீட்டரில் சூடான காற்று வரவில்லை என்றால் இன்னும் காற்று அடைத்திருக்கிறது.

டொரண்டோ | கொரோலா 2010

எங்கள் பம்ப் வெளியே இருக்கிறது, டைமிங் செயின் வண்டி, அதனால் பெல்ட்டைக் கழற்றினால் போதும். கூலண்ட் டொயோட்டாவின் பிங்க் நிறம், ஏற்கெனவே தண்ணீர் கலந்தே வரும். கசிந்த இடத்தில் பிங்க் பொருக்கு ஒட்டியிருந்தது. இங்கே குளிரில் வெறும் தண்ணீர் ஊற்றி நிறுத்தினால் என்ஜின் பிளாக்கே வெடிக்கும். பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 37 வரை தாங்கும். பழைய கூலண்டை நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுத்தேன், சாக்கடையில் ஊற்றக்கூடாது.

தர்மபுரி | மாருதி ஸென்

திருநெல்வேலி அண்ணாச்சி, ஒரு சந்தேகம். போன வாரம் புது பம்ப் போட்டேன். முதல் நாள் அந்த ஓட்டையில் ஒரு சொட்டு ஈரம். அப்புறம் இல்லை. மறுபடி பிரிக்கணுமா?

திருநெல்வேலி | மெக்கானிக்

பிரிக்க வேண்டாம் தம்பி. புது சீல் முகங்கள் ஒன்றுக்கொன்று உட்காருகிற வரை லேசாக ஈரம் காட்டும், அப்புறம் நின்றுவிடும். ஓட்டையைச் சுற்றித் துடைத்துவிட்டு, ரிசர்வ் டப்பாவில் இன்றைய அளவுக்கு மார்க்கர் கோடு போட்டு வையும். காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் பாரும். கோடு இறங்கினாலோ, ஓட்டைக்குக் கீழே புதுசாக உப்பு படிந்தாலோ போட்டோ எடுத்துப் போடும், பார்த்துச் சொல்கிறேன். பம்ப் வாங்கின பில்லை அதுவரை தூக்கிப் போட வேண்டாம்.