எம்பிரியோ டிரான்ஸ்ஃபர் முடிந்து 14 நாள் படுத்தே கிடக்க வேண்டுமாம்!

மதுரைக்காரி: நம் ஃபோரத்தின் பக்கத்துத் திரியில் கொங்குத்தமிழன் ஐயா தீர்ப்பு எழுதியிருக்கிறார். ஐவிஎஃப் சிகிச்சையில், லேபில் உருவாக்கிய எம்பிரியோவை (கருவை) கர்ப்பப்பையில் வைத்தபின், அதாவது டிரான்ஸ்ஃபருக்குப் பின், 14 நாள் படுத்தே கிடந்தால்தான் கரு நிற்குமாம், படியேறினால் போய்விடுமாம். இதைப் படித்துவிட்டு, பீட்டா (கர்ப்பம் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) நெகட்டிவ் வந்ததும் ‘அன்றைக்கு மாடி ஏறினேனே’ என்று எத்தனை பெண்கள் அழப்போகிறார்களோ! ஸ்பெயினின் வலென்சியாவில் 240 பெண்களை வைத்துச் சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். டிரான்ஸ்ஃபருக்குப் பின் 10 நிமிடம் படுத்தவர்களில் குழந்தை பெற்றவர்கள் 41.6 சதவீதம். உடனே எழுந்து போனவர்களில் 56.7. பதில் சொல்லுங்கள்.

கொங்குத்தமிழன்: 10 நிமிடம்! ஏனுங்க அம்மணி, அதற்குப் பெயர் ரெஸ்டா? நான் சொன்னது 14 நாள். எங்கள் வீட்டில் வாசற்படிகூடத் தாண்ட விடவில்லை. பையன் இப்போது யுகேஜி.

மதுரைக்காரி: பையன் நன்றாக இருக்கட்டும். அவன் பிறந்ததற்கும் மெத்தைக்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கமே 2017 வழிகாட்டுதலில் டிரான்ஸ்ஃபருக்குப் பின் பெட் ரெஸ்ட் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. அது சரி, அப்போது உங்கள் வீட்டில் என்ன வயது?

கொங்குத்தமிழன்: 29. அதனால் என்ன? 10 நிமிடக் கதைக்குப் பதில் வரவில்லையே.

லேப்_மணி: வயதில்தான் சார் பாதி விஷயமே இருக்கிறது. 40 வயதில் எடுக்கும் முட்டையில் உருவாகும் எம்பிரியோக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறு இருக்கும். அது படுத்தாலும் நிற்காது, நடந்தாலும் நிற்காது. கர்ப்பப்பை என்ன குடமா, எழுந்தால் கொட்டிவிட? முன்சுவரும் பின்சுவரும் ஒட்டியே இருக்கும். ஒன்று மட்டும், அந்த வலென்சியா ஆய்வு தானமுட்டை, அதாவது வேறொரு பெண் கொடுத்த கருமுட்டை, வாங்கிய பெண்களிடம் செய்தது.

கொங்குத்தமிழன்: ஆகா! தானமுட்டை! இதை ஏன் மறைத்தீர்கள் அம்மணி? தைராய்டு திரியில் என்னை ‘வாட்ஸ்அப் டாக்டர்’ என்றவர் நீங்கள்தானே?

மதுரைக்காரி: மறைக்க என்ன இருக்கிறது? தானமுட்டை என்றால் கொடுத்தவரின் வயதுதான் கணக்கு. வாங்கியவருக்கு 45 ஆனாலும் முட்டை இளசு. அப்படி வயதுப் பிரச்சினையை ஒதுக்கிவைத்துப் பார்த்தும் படுத்தவர்கள்தான் பின்தங்கினார்கள். ‘வாட்ஸ்அப் டாக்டர்’ என்றதை இப்போதும் வாபஸ் வாங்கப் போவதில்லை.

சுடுசோறு: இரண்டு பேரும் மூச்சு விடுங்கள். பைபாஸில் ‘80 சதவீத வெற்றி’ என்று ஹோர்டிங் தொங்குகிறதே, அது எதில் 80? பீட்டா பாசிட்டிவிலா, கையில் குழந்தையிலா?

லேப்_மணி: அதுகூடப் போடாமல்தான் விளம்பரம். முட்டை எடுத்தும் எம்பிரியோவே தேறாதவர்களைக் கணக்கில் விட்டுவிட்டால் சதவீதம் தானாக ஏறும்.

கொங்குத்தமிழன்: மணி எந்த சென்டரின் ஆள் என்று முதலில் சொல்லட்டும்.

லேப்_மணி: லேபில் சம்பளம் வாங்குகிறேன் சார், விளம்பரத்துக்கு இல்லை. விந்தணு ரிப்போர்ட் கேட்டால் மட்டும் எகிறும் கணவர்களைத் தினம் பார்க்கிறேன். சிகரெட்டை விடச் சொன்னால் மனைவிக்கு இன்னொரு தலையணை வாங்கி வருகிறார்கள்.

கொங்குத்தமிழன்: என்னைக் குத்துகிறாரா? நான் சிகரெட்டே தொட்டதில்லை. 10 நிமிடத்துக்கு மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டீர்கள்.

புதுவரவு: நாளை எனக்கு டிரான்ஸ்ஃபர். திரும்பும்போது ஆட்டோவில் வரலாமா?

கொங்குத்தமிழன்: கார் பிடியுங்கம்மா. வந்ததும் படுங்கள்.

மதுரைக்காரி: தாராளமாக ஆட்டோவில் வாருங்கள். மாத்திரை, ஊசியை மட்டும் வேளை தவறாமல் போடுங்கள். ஐயா, 29 வயதை மெத்தைக் கணக்கில் எழுதியவர் நீங்கள். அதற்குப் பதில் எங்கே?