இறக்குமதி மவுசரில் குறி பொறிக்கணுமாம்: எங்கே, எப்படி? அவசரம்

செம்மண்
வணக்கம். 1943 மவுசர் கே98கே (இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் ராணுவத் துப்பாக்கி) ஒன்று வந்துகொண்டிருக்கிறது. பாகங்களின் எண்கள் எல்லாம் பொருந்துகின்றன, பழைய ப்ளூயிங் (இரும்பின் கருநீலப் பூச்சு) கலையவில்லை. இறக்குமதிக் குறி கட்டாயம் என்கிறார்கள். ரிசீவரில் (குழலைத் தாங்கும் நடு உடல்) பெரிதாக வெட்டிவிட்டால் சேகரிப்பு மதிப்பே போய்விடும். எங்கே, எதைக் கொண்டு பொறித்தால் சேதம் குறைவு? அடுத்த வாரம் சுங்கத்திலிருந்து வெளியே வந்துவிடும், சீக்கிரம் சொல்லுங்கள்.

ரைன்கரை
பேரல் (குழல்), ரிசீவர், போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) மூன்றிலும் பொறிக்க வேண்டும். 2018 செப்டம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் விதி. எழுத்து உயரம் 1.6 மிமீக்குக் குறையக் கூடாது, சின்னப் பாகங்களுக்கு மட்டும் சலுகை. வரலாற்று முக்கியத்துவம் உள்ள துப்பாக்கி என்றால் அந்தந்த நாட்டுச் சட்டத்தில் விலக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நெடுங்குழல்
செம்மண், எந்த நாட்டில் இருக்கிறீர்கள்? இறக்குமதி செய்பவர் யார், உரிமம் உள்ள நிறுவனமா? ஏற்கெனவே வேறு நாட்டுக் குறி இருக்கிறதா? இதெல்லாம் தெரியாமல் யார் சொன்னாலும் பாதி தப்பாகத்தான் இருக்கும்.

பித்தளைத்தோட்டா
ரிசீவரில் கழுகு முத்திரை இருக்குமே சார், அது போதாதா? அதுவே அரசாங்க முத்திரைதானே.

முதுவேல்
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறையாவது வருகிறது. கழுகு முத்திரை அன்றைய ஜெர்மன் ராணுவம் பரிசோதித்து ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். ப்ரூஃப் முத்திரை அழுத்தச் சோதனைக்கு. இறக்குமதிக் குறி யார் எந்த நாட்டுக்குள் கொண்டுவந்தார் என்பதற்கு. மூன்றும் வேறு வேறு. விதியை ஒரு தடவை உட்கார்ந்து படித்துவிட்டு எழுதினால் எல்லாருக்கும் நேரம் மிச்சம்.

செம்மண்
மன்னிக்கவும், அமெரிக்கா. உரிமம் உள்ள இறக்குமதியாளர் மூலம்தான். பேரலில் வேறு குறி எதுவும் இல்லை.

நெடுங்குழல்
அப்படியென்றால் ரைன்கரை சொன்னதை விட்டுவிடுங்கள், போல்ட்டைத் தொடவே வேண்டாம். உங்களுக்குப் பொருந்துவது அமெரிக்கக் கூட்டாட்சி விதி 27 சிஎஃப்ஆர் 478.92. கடமை உங்களுடையது அல்ல, இறக்குமதியாளருடையது. சுங்கம் விடுவித்த 15 நாளுக்குள் அவர் பொறித்தாக வேண்டும். அதனால் பேச வேண்டியது இன்றைக்கே. அவர் கைக்குப் போய்விட்டால் வழக்கமாக அடிக்கிற இடத்தில் அடித்துவிடுவார்.

தேவையான விவரங்கள்: சீரியல் நம்பர் ரிசீவரில் இருக்க வேண்டும். மாடல் பெயர் இருந்தால் அது, கேலிபர் (தோட்டா அளவு), தயாரிப்பாளர், தயாரித்த நாடு, இறக்குமதியாளர் பெயர், அவருடைய ஊரும் மாநிலமும். இவை பேரலிலும் இருக்கலாம். அங்கேதான் உங்களுக்கு வழி இருக்கிறது.

முதுவேல்
ஆழம் .003 அங்குலம், உயரம் 1/16 அங்குலம். 2002 ஜனவரி 30 முதல் இதுதான். இதுகூடச் சொல்லாமல் என்ன ஆலோசனை?

நெடுங்குழல்
முதுவேல் ஐயா, 1/16 அங்குல உயரம் சீரியல் நம்பருக்கு மட்டும்தான். மற்ற விவரங்களுக்கு ஆழம் மட்டுமே நிபந்தனை. செம்மண்ணுக்கு இது பெரிய வித்தியாசம்: பெயரையும் ஊரையும் சின்ன எழுத்தில் ஒரே வரியில் அடக்கிவிடலாம்.

கருமருது
ஸ்டாக்குக்குள் (மரக்கட்டைக்குள்) மறையும் இடத்தில் அடிக்கச் சொல்லுங்கள். வெளியே தெரியாது, மதிப்பும் குறையாது.

நெடுங்குழல்
செல்லாது. குறி எதனாலும் மறைக்கப்படாமல் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. மரத்தைக் கழற்றினால்தான் தெரியும் என்றால் அது குறியே இல்லை. பேரலின் அடிப்பக்கம், மரத்தின் முன்முனையைப் பிடிக்கும் மூக்குப் பட்டைக்கும், குறிபார்க்கும் முன் சைட்டுக்கும் இடையே மரம் மூடாத பகுதி இருக்கிறதே, அங்கே அடிக்கலாம். துப்பாக்கியைத் திருப்பினால் முழுசாகத் தெரியும், ரேக்கில் நிற்கும்போது கண்ணை உறுத்தாது.

பித்தளைத்தோட்டா
கெமிக்கல் எட்சிங் பண்ணச் சொல்லுங்க. அதுதான் மென்மையானது, நூறு சதவீதம் பாதுகாப்பு.

உலைக்களம்
எட்சிங் ஆழம் போதாது. கத்தியில் பெயர் போடுகிற அளவு எட்சிங் .003 அங்குலத்தை, அதாவது 0.076 மிமீயைத் தொடாது. தொடும்வரை விட்டால் அமிலம் எழுத்தின் ஓரத்தைத் தின்று, சுற்றியுள்ள ப்ளூயிங்கையும் கெடுக்கும்.

வைர ஊசியால் கீறுவதும் வேண்டாம். மவுசர் ரிசீவரின் மேல்தோல் கடினப்படுத்தியது. ஊசி வழுக்கி மேலோட்டமாகக் கோடு போடும். சுத்தியால் ஸ்டாம்ப் அடித்தால் எழுத்தின் ஓரத்தில் உலோகம் மேடாக எழும். ஆழத்தை அந்த மேட்டிலிருந்து அளக்க மாட்டார்கள், சமதளத்திலிருந்துதான் அளப்பார்கள். ஆழமாகத் தெரிகிற எழுத்து அளவில் தோற்பது இப்படித்தான். பேரல் முனையருகே உருண்டைப் பரப்பில் சுத்தியடி எனக்கு உடன்பாடே இல்லை.

ஃபைபர் லேசர் கேளுங்கள், ஆனால் நிறம் மாற்றும் வகை கூடாது. அது கறுப்பாக அழகாகத் தெரியும், ஆழம் கிட்டத்தட்ட பூஜ்யம். பல முறை ஓட்டி 0.1 மிமீ வரை தோண்டச் சொல்லுங்கள். விளிம்பு சுத்தம் செய்த பிறகும் 0.076 தாங்கும். பேரல் சுவர் அங்கே 3 மிமீக்கு மேல், வலிமைக்கு ஒன்றும் ஆகாது. எழுத்து பேரல் நீளவாக்கில் ஒரே வரியாக ஓடட்டும். இரண்டு மூன்று வரி போட்டால் வளைவில் லேசர் குவியம் தவறி, ஓர எழுத்துகள் மட்டும் ஆழம் குறைந்து நிற்கும்.

முடிந்ததும் ஊசிமுனை ஆழமானியால் அளக்கச் சொல்லுங்கள். எழுத்துக்குள் வெற்று இரும்பு தெரியும், துரு அங்கேதான் பிடிக்கும். எண்ணெய் மட்டும் விடுங்கள். கோல்ட் ப்ளூயிங் (சூடாக்காமல் நிறமேற்றும் திரவம்) தடவினால் பக்கத்துப் பழைய நிறத்தோடு ஒட்டாமல் திட்டாகும்.

கருமருது
பழைய சீரியல் நம்பர் மங்கலாக இருந்தால் தேய்த்துவிட்டுப் புதிதாக அடித்துவிடலாமே?

நெடுங்குழல்
கூடவே கூடாது. சீரியல் நம்பரை அழிப்பதும் மாற்றுவதும் கூட்டாட்சிக் குற்றம். அழித்த துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். இந்தியாவிலும் 1959 ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது. பழைய எண் தெளிவாக இருந்து, அந்த இறக்குமதியாளர் வேறு துப்பாக்கியில் அதே எண்ணைப் பயன்படுத்தாமல் இருந்தால் அதையே ஏற்றுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பழையதை அப்படியே வைத்துவிட்டுப் புது எண் தனியாகப் பொறிக்க வேண்டும்.

வடதிசை
எண் ஏற்கெனவே இருக்கும்போது எதற்கு இன்னொரு குறி? கனடாவில் 2004இல் எழுதிய குறியிடல் விதி ஒரே ஒரு துப்பாக்கி கொண்டுவருகிற தனியாள் மேலும் இதே சுமையை வைத்தது: நாட்டின் பெயரோ சுருக்கமோ, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், 60 நாள் கெடு. நடைமுறைத் தேதியை எத்தனை முறை தள்ளிப்போட்டார்கள்! சட்டத்தை மதிப்பவனுக்குத்தான் செலவு. இது துப்பாக்கி வைத்திருப்போரை அரசு பதிவேட்டில் ஏற்றுவதற்கு முதல் படி.

ரைன்கரை
இந்தத் துப்பாக்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். கே98கே எண்கள் பத்தாயிரத்துக்கு ஓர் எழுத்து என்று தொகுதி தொகுதியாக ஓடி, ஒவ்வொரு ஆலையிலும் ஒவ்வோர் ஆண்டும் மறுபடி தொடங்கும். ஒரே எண்ணும் எழுத்தும் கொண்ட துப்பாக்கிகள் பல இருக்கலாம். எண் மட்டும் எதையும் அடையாளம் காட்டாது.

நெடுங்குழல்
வெஸ்ட் வர்ஜீனியா மார்ட்டின்ஸ்பர்க்கில் இருக்கிற ஏடிஎஃப் (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பு) தடமறியும் மையம் இறக்குமதித் துப்பாக்கிக்கு முதலில் தேடுவது இறக்குமதியாளர் பெயரைத்தான். அங்கிருந்துதான் விற்பனைப் பதிவு சங்கிலியாகத் தொடங்கும். பதிவேடு பயம் இங்கே பொருந்தாது. கூட்டாட்சிப் பதிவேட்டை 1986 சட்டமே தடுக்கிறது.

வடதிசை
தடமறிதலுக்கு உதவும், சரி. 80 வருடப் பழைய துப்பாக்கியை இரண்டாம் முறை வெட்டுவதற்கு அது போதுமான காரணம் இல்லை என்பதுதான் என் பேச்சு. குறி கட்டாயமாகும் முன், அதாவது 1968க்கு முன் வந்த, குறியே இல்லாத துப்பாக்கிகளுக்குச் சந்தையில் ஏன் கூடுதல் விலை? சேகரிப்பாளர்கள் இழப்பது என்ன என்று அதிலேயே தெரிகிறது.

முதுவேல்
விவாதம் வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள். கேட்டவர் எங்கே போனார்?

செம்மண்
இறக்குமதியாளரிடம் பேசிவிட்டேன். வழக்கமாக ரிசீவர் பக்கவாட்டில் அடிப்பாராம். பேரல் அடிப்பக்கம், லேசர், ஒரே வரி என்று எழுதி அனுப்பினேன், ஒப்புக்கொண்டார். பழைய எண்ணையே ஏற்கிறார். நன்றி.

உலைக்களம்
ஒரு வேண்டுகோள். அந்த இடைவெளியின் நீளத்தை அவரே அளந்து, எழுத்து அளவைக் கணக்கிட்டு மாதிரி வரைபடம் அனுப்பச் சொல்லுங்கள். வரி நீண்டு முன் சைட் அடியில் போய் மறைந்தால் திரும்பவும் பொறிக்க வேண்டி வரும்.