பட்டர்ஃபிளை ஸ்கோரில் டெனார் பாட்டைக் காணோம், உதவுங்களேன்

பியானோக்காரன்:
வணக்கம். டெனார் (உச்ச ஆண் குரல்) பாடும் நண்பர் ஒருவருக்குத் துணையாகப் பியானோ வாசிக்கிறேன். புச்சினியின் 'மதாமா பட்டர்ஃபிளை' ஓபராவில் (இசை நாடகம்) நாயகன் பிங்கர்டன் கடைசியில் பாடும் 'அடீயோ, ஃபியோரீத்தோ அஸீல்' வேண்டும். பழைய ஸ்கோர்கள் கிடைக்கும் ஒரு காப்பகத் தளத்திலிருந்து ரிக்கோர்தி பதிப்பகத்தின் வோக்கல் ஸ்கோரை (பாடகர் வரிகளும் பியானோ துணையும் உள்ள இசைப் புத்தகம்) இறக்கினேன். அந்தப் பாட்டு வரவேண்டிய இடத்தில் இல்லவே இல்லை. இரண்டு முறை இறக்கியும் அதேதான். கோப்பு பழுதா?

சுரம்தப்பி:
ஸ்கேன் செய்தவர் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டியிருப்பார். பக்க எண்களைப் பாருங்கள்.

பியானோக்காரன்:
பார்த்தேன், ஒன்றுகூட விடுபடவில்லை.

பழங்காகிதம்:
உங்கள் பிரதியில் எத்தனை அங்கம்?

பியானோக்காரன்:
இரண்டு. ஏன்?

பழங்காகிதம்:
அப்போ கோப்பில் பழுதில்லை. உங்களிடம் இருப்பது முதல் வடிவம். 1904 பிப்ரவரி 17 அன்று மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கில் அரங்கேறியது. கூச்சலும் கேலியுமாக அன்றிரவு போனது. புச்சினி மறுநாளே திரும்பப் பெற்றுக்கொண்டார். இரண்டாம் அங்கம் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், பாவம் அந்த ரசிகர்கள். அதை இரண்டாக உடைத்து, சிலவற்றை வெட்டி, மே 28 அன்று இத்தாலியின் பிரெஷா நகரில் மீண்டும் போட்டார். நீங்கள் தேடும் பாட்டு அப்போது சேர்த்ததுதான். பிறகு 1906 பாரிஸ் மேடைக்காக இன்னும் மாற்றினார்.

உறுதி செய்ய ஒரு வழி: முதல் அங்கத்தில் பட்டர்ஃபிளையின் மாமா யாகுஸிதே குடித்துவிட்டு அலம்பல் செய்கிறாரா? கடைசியில் பிங்கர்டனின் அமெரிக்க மனைவி கேட் (Kate) பாட நிறையப் பகுதி இருக்கிறதா? இருந்தால் அதேதான். 2016 டிசம்பரில் இசை நடத்துநர் ரிக்கார்தோ ஷாய் லா ஸ்காலாவில் நடத்தியதும் இந்த இரண்டு அங்க வடிவம்தான், ஒப்பிட்டுக் கேட்கலாம்.

சுரம்தப்பி:
பக்கத்தின் அடியில் இருக்கும் பிளேட் எண்ணை (பதிப்பகம் அச்சுத் தகட்டுக்கு இட்ட எண்) வைத்து வருடம் சொல்ல முடியாதா?

பழங்காகிதம்:
அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அது பதிப்புக்கு எண் கொடுத்த காலத்தைக் காட்டும், கையில் இருக்கும் பிரதி அச்சான நாளை அல்ல. ரிக்கோர்தி பிரதிகளில் மாதமும் வருடமும் மை இல்லாத புடைப்பு முத்திரையாக இருப்பதுண்டு. ஸ்கேனில் பெரும்பாலும் அது தெரியாது. புச்சினியின் கையெழுத்து ஸ்கோர் மிலானில், பிராய்தென்ஸே நூலகத்தில் உள்ள ரிக்கோர்தி காப்பகத்தில் இருக்கிறது. உங்களுக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை, மூன்று அங்கப் பதிப்பாகப் பார்த்து இறக்குங்கள்.

பியானோக்காரன்:
கிடைத்துவிட்டது, பாட்டு இருக்கிறது! நன்றி. பழைய கோப்பை அழிக்கவில்லை. மாமா நன்றாகவே குடித்திருக்கிறார்.